பழவேற்காடு போறதுக்கு முன்னாடி

திருவொற்றியூர்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுறது. இங்க நானும் நைனாவும் நல்லா இருக்கோம். பொங்கல் லீவுக்கு ஆபீஸ் சிநேகிதங்களைக் கூட்டிட்டு வர்றேன், பழவேற்காட்டுல என்னென்ன பாக்கலாம்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி உன் காதுல ஏறாது, அதான் எழுதிட்டேன்.

காணும் பொங்கல் அன்னைக்கு மட்டும் வேணாம். அன்னைக்கு ஊர் தெரியாது, தலைதான் தெரியும். வேற ஒரு நாள், விடியக்காலையில கும்மிடிப்பூண்டி வண்டி பிடிச்சு பொன்னேரியில இறங்குங்க. அங்கிருந்து பஸ் இருக்கு. பத்து மணிக்கு மேல போய் நின்னுகிட்டு, "இன்னா, மீனே இல்ல"ன்னு கேக்கறவங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும். கரையேறி, ஏலம் முடிஞ்சு, ஐஸ் பெட்டியெல்லாம் வண்டியேறிப் போன பிறகு அங்க என்ன இருக்கும்?

ஏலம் நடக்கிற இடத்துல ஓரமா நில்லுங்க. கூடை தூக்கிட்டு வர்ற பொம்பளைக்கு வழி விடுங்க. போனை முகத்துக்கு நேரா நீட்டாதீங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா அவங்களே சிரிச்சுட்டு நிப்பாங்க. நான் காசிமேட்டுல கூடை வெச்சு உக்காந்திருந்த காலத்துல, படம் புடிச்சுட்டு ஒரு கூறு நெத்திலி கூட வாங்காமப் போனவங்கதான் அதிகம். நீங்களாவது வாங்குங்க.

ஏரியில எந்த இடத்துல, எந்த நாள், யாரு வலை விடணும்னு ஊருக்குள்ள ஒரு முறை உண்டு. பாடுன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு நல்ல இடம் கிடைச்சவன் நாளைக்கு அடுத்தவனுக்கு விட்டுக் கொடுக்கணும். பெரியப்பாவை உக்கார வெச்சுக் கேட்டா அரை நாள் ஓடிடும். என்னைக் கேட்டா கோட்டையை விட இதுதான் அந்த ஊர்ல தெரிஞ்சுக்க வேண்டியது.

கோட்டைன்னா, டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்ட்ரியா. இப்ப அகழியும் முள்ளுப் புதரும்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. வாசல்லயே எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பாங்க. துணி வியாபாரத்துக்கு வந்தவங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நம்ம சனங்களை அடிமையாக் கப்பல் ஏத்திப் பத்தாவியாவுக்கு, அதான் இப்ப ஜகார்த்தான்னு சொல்றாங்களே அந்த ஊருக்கு, அனுப்பினதும் அந்தத் துறையிலிருந்துதான். அதையும் உன் சிநேகிதங்களுக்குச் சொல்லு.

படகு விஷயத்துல மட்டும் நான் சொல்றதைக் கேளு. 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு அந்த ஏரியில படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. பூநாரையைக் கிட்டத்துல காட்டறேன்னு எவனாவது கூப்பிட்டா ஏறாதீங்க. கிட்டப் போனா அது எழுந்து பறந்துடும், காசும் போகும், மேயற பறவையைக் கலைச்ச பாவமும் சேரும். கரையில நின்னே பாக்கலாம், யார்கிட்டயாவது பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு. முகத்துவாரத்துப் பக்கம் குளிக்கவும் இறங்காதீங்க. தண்ணி அமைதியாத்தான் தெரியும், இழுப்பு அடியில இருக்கும்.

பனையோலையில பொம்பளைங்க பெட்டி, கூடை பின்னுவாங்க. பேரம் பேசாம வாங்குங்க. பாத்ரூமுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிடுங்க, நான் சொல்லி வெச்சிருக்கேன்.

நண்டு வாங்கினா உயிரோட இருக்கிற பச்சை நண்டாப் பாத்து வாங்கு. கையில தூக்கினா கனம் தெரியணும், லேசா இருந்தா உள்ள சதை இருக்காது. கொடுக்கைக் கட்டித் தரச் சொல்லு. பொன்னேரி வந்ததும் போன் போடு, மசாலா அரைச்சு வெக்கறேன். சிநேகிதங்கள்ல கவிச்சி சாப்பிடாதவங்க யாராவது இருந்தா முன்னாடியே சொல்லிடு, அவங்களுக்குத் தனிப் பாத்திரத்துல ரசம் வெக்கணும்.

இப்படிக்கு,
அம்மா