மைனிக்கு, அண்ணன் பக்கவாதம் வந்து விழுந்து ஒரு வருஷம் ஆன அன்று

மைனி,

ஆஸ்பத்திரி நாள்களைப் பற்றி நம் இருவருக்குள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருவோணத்தன்று நடந்ததுதான் மனசை விட்டுப் போகவில்லை. இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்த நேரம், அண்ணனுக்கு வேட்டியிலேயே போய்விட்டது. நீங்கள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத மாட்டேன், சொந்தக்காரர்களும் படிப்பார்கள். ஆனால் அண்ணன் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சுதான் போச்சு, காது போகவில்லை.

அவர் வேணும்னு செய்யவில்லை. அது பேதியும் இல்லை. பல நாளாகப் போகாத மலம் இறுகிக் கல்லாக அடைத்து நிற்க, அதன் ஓரமாகத் தண்ணியாக ஒழுகியது. பேதி நிற்க லோப்பரமைடு வாங்கி வந்தது நான். கடையில் கேட்டுத்தான் வாங்கினேன்; இருந்தாலும் அடைப்பை இன்னும் இறுக்கியது அந்த மாத்திரைதான். மன்னித்துவிடுங்கள். என்றைக்குப் போனார் என்று நீங்களும் ஒரு நோட்டில் குறித்திருக்கலாம். நர்ஸ் வந்து அடைப்பை எடுத்த பிறகுதானே ஒழுக்கு நின்றது.

இனி காலையில் கஞ்சி குடித்து 20, 30 நிமிஷத்துக்குள் கமோடு நாற்காலியில் உட்கார வையுங்கள், வந்தாலும் வராவிட்டாலும், தினமும் அதே நேரம். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையும். காலையில் அந்த அசைவு நன்றாக இருக்கும். நாற்காலி கட்டிலுக்கு இடப்பக்கம், அவருடைய நல்ல கைப்பக்கம், இருக்கட்டும். கால் தொங்கக் கூடாது: பாதத்துக்கு அடியில் பலகை வைத்தால் முட்டு இடுப்புக்கு மேலே வரும், உடம்பு முன்னால் சாயும். வலப்பக்கம் சரிவார், ஒருத்தர் பிடித்து நிற்க வேண்டும். 10 நிமிஷம் போதும். முக்கச் சொல்லாதீர்கள்.

டாக்டர் எழுதிய ஆசனவாய் மாத்திரையை மலத்துக்குள் குத்தி வைத்தால் பலனில்லை. குடல் சுவரைத் தொட்டு இருக்கணும்.

புரையேறும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்தீர்கள். பயம் நியாயம்தான், ஆனால் மலம் இறுகியது அதனால்தான். கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்ன பதத்திலேயே, இடைவிட்டு இடைவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். மட்டி வாழைப்பழம் நன்றாகப் பழுத்ததை மசித்துக் கொடுக்கலாம். காயாக இருந்தால் வேண்டாம்.

இடது கையால் போர்வையை இழுத்தால் ‘வருது’ என்று அர்த்தம். அதைப் பார்த்தும் டயபர் இருக்கிறதே என்று விடுவது எனக்குப் பொறுக்கவில்லை, மைனி. தோல் வெந்தது அப்படித்தான். ஒரு வருஷமாக ராத்திரி விரிப்பு மாற்றியது நீங்கள் ஒருத்திதான், எங்களில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

திங்கள்கிழமையிலிருந்து தினமும் காலை 7 மணிக்கு நான் வருகிறேன். பலகையும் நோட்டும் கொண்டுவருவேன். கஞ்சியை மட்டும் தயாராக வையுங்கள்.