ஓடாத பொருளுக்கும் ஒரு கட்டம் கொடுங்கள்

பழைய பொருள் வாங்கி விற்கும் செயலியின் நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். போன வாரம் என் கணக்கை 7 நாள் முடக்கினீர்கள். பொருளின் நிலையைத் தவறாகக் குறிப்பிட்டேனாம். நான் போட்டது ஆன் ஆகாத லேப்டாப். தலைப்பிலேயே 'டெட், உதிரிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தேன். ஆனால் உங்கள் படிவத்தில் 'புதியது', 'மிக நன்று', 'நன்று' என்று மூன்றே கட்டங்கள். ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போகாது. மூன்றில் சின்னப் பொய் எதுவென்று பார்த்து 'நன்று' என்பதைத் தொட்டேன்.

புகார் கொடுத்த தம்பி ஆவடியிலிருந்து பஸ் மாறி வேளச்சேரிக்கு வந்தவர். அதற்கு முன் நாலு நாள் சாட்டில் கேள்வி. "சார்ஜ் போட்டா ஆன் ஆயிடுமாண்ணா?" ஆகாது என்றேன். "லாஸ்ட் எவ்வளவு?" சொன்னேன். நேரில் வந்ததும் சார்ஜரைக் கேட்டு வாங்கிச் செருகி, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தார். மறுபடி அழுத்தினார். என் முகத்தைப் பார்த்து, "ஆன் ஆகலையேண்ணா?" என்றார்.

பின் மூடியைக் கழற்றி, போர்டில் மல்டிமீட்டர் முனையை வைத்துக் காட்டினேன். பீப் என்றது. போர்டில் ஷார்ட் சர்க்யூட். டிஸ்பிளேயையும் ரேமையும் வேறு லேப்டாப்பில் போட்டு ஓட்டிக் காட்டினேன். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேண்ணா" என்று போனவர், ராத்திரி புகார் கொடுத்துவிட்டார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காலேஜுக்கு லேப்டாப் தேடியவர், 'நன்று', 'ஐயாயிரத்துக்குள்' என்று வடிகட்டினார். நீங்கள் என் விளம்பரத்தைக் காட்டினீர்கள். இதே மாடலுக்கு டிஸ்பிளே தேடி ரிச்சி தெருவில் அலையும் மெக்கானிக் கண்ணில் அது படவே இல்லை. வாங்க வேண்டியவருக்குத் தெரியவில்லை, வந்தவருக்குத் தேவையில்லை. அப்புறம் தயங்காமல் என்ன செய்வார்கள்?

அதனால்தான் கேட்கிறேன்: 'வேலை செய்யவில்லை, உதிரிக்கு' என்று நாலாவதாக ஒரு கட்டம் போடுங்கள். ஈபே என்ற இணையச் சந்தையில் இப்படி ஒரு நிலை பல வருஷமாக இருக்கிறது.

செத்த போன் விற்பது இன்னும் பாடு. திருட்டு போனோ என்று பயப்படுகிறார்கள், நியாயம்தான். KYM என்று அடித்து, ஒரு இடம் விட்டு, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் நானேதான் பாடம் நடத்துகிறேன். உங்கள் செயலி ஒரு வரியில் சொல்லக்கூடாதா?

பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசே 2022 டிசம்பரில் இணையதளம் திறந்தது. உங்கள் படிவத்துக்கோ பழுது என்ற வார்த்தையே ஆகவில்லை. 'சூப்பர் கண்டிஷன், சிங்கிள் யூஸ்' என்று கூசாமல் எழுதுகிறவர்களுக்குப் பச்சை நட்சத்திரம். டெட் என்று எழுதியவனுக்கு 7 நாள். விளம்பரத்தை மேலே தூக்க 99 ரூபாய் கேட்கும் பட்டனை மட்டும் மூணு இடத்தில் வைக்க இடம் இருக்கிறது!

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒரே ஒரு கட்டம். வரும் திங்கள் என் கணக்கு திறந்ததும் அதே லேப்டாப்பை மறுபடி போட வேண்டும். அதற்குள் முடியாது என்றால், இருக்கிற மூன்றில் எதைத் தொட வேண்டும் என்றாவது தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேளச்சேரியில் லேப்டாப் சர்வீஸ் செய்பவன்