மீன்குஞ்சுப் பொரிப்பகத்துக்குக் கிணற்றுத் தண்ணீர்: பெரிய மோட்டர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை முற்றிக் கிணறுகள் வற்றும் மாதங்களில் மீன்குஞ்சு வளர்ப்போர் பலரும் கடைக்கு வந்து கேட்பது, "தண்ணி காணாது, பெரிய மோட்டர் ஒண்டு தாங்க" என்பதுதான். விற்பது எங்களுக்கு இலகு. ஆனால் ஊற்று தருவதைவிட வேகமாக இழுத்தால் கிணறு காய்ந்துபோகும், அல்லது உப்பாகும். அதனால் முதலில் கிணற்றை அளந்து பாருங்கள்.

10 அடி விட்டக் கிணற்றில் 1 அடி உயரத் தண்ணீர் சுமார் 2,200 லீற்றர்; 5 அடி விட்டக் கொட்டுக்கிணற்றில் (சீமெந்து வளையங்கள் இறக்கிய கிணறு) சுமார் 550 லீற்றர். கிணற்றைப் பாதிக்கு இறைத்து மோட்டரை நிறுத்தி, மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று கயிற்றில் முடிச்சிட்டு அளவுங்கள். 10 அடிக் கிணற்றில் 20 நிமிடத்தில் 6 அங்குலம் ஏறினால் ஊற்று நிமிடத்துக்கு 55 லீற்றர். மட்டம் ஏற ஏற ஊற்று மெதுவாகும் என்பதால் முதல் அரை மணி நேரக் கணக்கை மட்டும் எடுக்கவேண்டும். இதை ஆகஸ்ட், செப்டெம்பரில் செய்யுங்கள். மாரி முடிந்த தை மாதத்தில் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

இனித் தேவை. 2,000 லீற்றர்த் தொட்டிகள் 10, நாளுக்கு 30 வீதம் தண்ணீர் மாற்றம் என்றால் 6,000 லீற்றர். முட்டை பொரிக்கும் சாடிகள் 8, ஒவ்வொன்றுக்கும் நிமிடத்துக்கு 1 லீற்றர், இரவு பகலாக ஓடினால் 11,520 லீற்றர். கூட்டி ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 21,000 லீற்றர். நிமிடத்துக்கு 15 லீற்றர் தரும் ஊற்று இதற்குப் போதும், அது 24 மணி நேரமும் சேர்ந்தால். நிமிடத்துக்கு 150 லீற்றர் இழுக்கும் மோட்டர் அதே கிணற்றைச் சீக்கிரம் வெறுமையாக்கிவிட்டு நிற்கும். சிறிய மோட்டர், நேரக்கட்டுப்பாட்டு சுவிட்ச், அரை நாள் தேவையைத் தாங்கும் மேல்தொட்டி. முதல் செலவு இவற்றுக்குப் போகட்டும்.

எழுவான்கரைக்காரர் (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்போர்) கீழே வருவதைக் கவனமாகப் படியுங்கள். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்தபடி கிடக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் என்பது பொதுவான கணக்கு. இடையில் இரண்டு நீரும் கலந்த வலயம் இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. மேல்மட்டம் 1 அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு பல அடி எழும்ப இடமாகிறது. ஆழம் கூட்டினால் நல்ல தண்ணீர் வரும் என்ற நினைப்பு இந்த மணலில் பொய்த்துப்போகும். 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளை மீட்டதும் பெரும்பாலும் அடுத்தடுத்த மாரி மழைதான்; திரும்பத் திரும்ப இறைத்ததால் பெரிய பலன் கிடைக்கவில்லை, சில இடங்களில் உப்பு இன்னும் மேலே வந்தது.

ஆகவே ஒரு கிணற்றை ஆழமாக்காமல், 40, 50 அடி இடைவெளியில் இரண்டு மூன்று ஆழமற்ற கொட்டுக்கிணறுகளிலிருந்து மெதுவாக எடுங்கள். இடம் குறைவென்றால் கோடை மட்டத்துக்கு 2, 3 அடி கீழே, 4 அங்குலத் துளைக் குழாயை 30, 40 அடி நீளத்துக்குக் கிடையாகப் புதைத்துக் கிணற்றுக்குள் விடலாம். சுற்றிலும் கழுவிய சிறு சல்லி போடவும். தும்பு சுற்ற வேண்டாம். அது அழுகித் தண்ணீரின் ஒட்சிசனைத் தின்னும், அழுகல் முட்டை மணமுள்ள வாயுவையும் உண்டாக்கும். அந்த வாயு மிகச் சிறிய அளவிலேயே குஞ்சைக் கொல்லும். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் அளக்கும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். இறைக்கத் தொடங்கும்போதும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அளவுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் உப்பு எழும்புகிறது. இறைக்கும் வேகத்தைக் குறைக்கவேண்டும். நன்னீர் இறால் குடம்பி வளர்ப்போருக்கு மட்டும் இது வேறு கணக்கு: அவர்களுக்கு ஆயிரத்துக்கு 12 பங்கு உப்பு வேண்டும் என்பதால் உவர்க்கிணறும் பயன்படும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கதை வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறுப் பக்கம் கீழே கடும்பாறை. மேலேயுள்ள உக்கிய பாறைப் படையில்தான் கிணற்றுக்குத் தண்ணீர், அதற்குக் கீழே வெடிப்புகளில் மட்டும். அகலமான கிணறு வெட்டுங்கள், அகலமே சேமிப்பு. குழாய்க்கிணறு அடிப்பதானால் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை அளவீடு செய்து வெடிப்பிருக்கும் இடத்தைக் கண்டபின் அடியுங்கள். அம்பாறைப் பக்கமும் உள்நாட்டில் இதே நிலைதான். பழைய குழாய்க்கிணற்றின் ஊற்று குறைந்திருந்தால் புதிது அடிக்குமுன் கழுவிப் பாருங்கள். காற்றமுக்கியால் அடித்து வண்டலை வெளியேற்றியபின், 6 அங்குலக் குழாயில் 60 அடி தண்ணீருக்கு 65 வீதக் குளோரின் தூள் 50 கிராம் கரைத்து விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு குளோரின் மணம் அறவே போகும்வரை இறைத்து, குளத்துக்கோ தொட்டிக்கோ போகாமல் வெளியே விடவேண்டும்.

தண்ணீர் போதுமாகிவிட்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். நிலத்தடி நீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. கரியமில வாயுவும் கரைந்த இரும்பும் அதிகம். கிணற்றடியில் தெளிந்திருந்த தண்ணீர் வாளியில் ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறமானால் இரும்பு. அந்தத் துகள் முட்டையையும் குஞ்சின் பூவையும் (செவுள்) மூடிவிடும். தீர்வு விலை கூடியதல்ல. 6 அங்குலப் பிவிசி குழாய் 5 அடி, உள்ளே துண்டாக வெட்டிய வயர்க் குழாய்கள், மேலே துளைத்தட்டு. நிமிடத்துக்கு 15 முதல் 20 லீற்றர் வரை இதன் வழியே சிந்தவிட்டால் வாயு வெளியேறி ஒட்சிசன் ஏறும். குழாயின் இரு முனையும் திறந்திருக்கட்டும். மேலே மூடினால் வாயு போகாது. பிறகு இரண்டு மணி நேரம் அடையவிடும் தொட்டி, அதற்கடுத்து பீப்பாயில் 2 அடி பருமணல். உள்ளிருக்கும் துண்டுகளை மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் புளிப்பாக, அதாவது புளிப்பைக் காட்டும் பிஎச் எண் 6.5க்குக் கீழே இருந்தால் இரும்பு மிக மெதுவாகவே படியும். பிஎச் ஒரு அலகு ஏறினால் வேகம் சுமார் நூறு மடங்காகும். கழுவிய மட்டி ஓடு அல்லது தொலமைற் கல் நிரப்பிய பெட்டி வழியே ஓடவிடுங்கள். கடலோர முருகைக்கல் வேண்டாம், அதை அகழ்வது சட்டவிரோதம்.

குஞ்சுகள் கண்ணோரம், தோலடியில் குமிழியுடன் மேலே மிதந்தால், நோய் என்று மருந்து போடுமுன் மோட்டரின் உறிஞ்சு குழாயைப் பாருங்கள். அதில் சிறு கசிவு இருந்தால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதிலுள்ள நைதரசன் அழுத்தத்தில் அளவுக்கு மிஞ்சிக் கரைந்து குஞ்சின் உடலுக்குள் குமிழியாகிறது. அடையாளம்: குழாயிலிருந்து வரும் தண்ணீர் பால்போல வெளுத்திருக்கும், கண்ணாடிக் குவளையில் அடியிலிருந்து தெளியும். மூட்டுகளையும் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வையும் புதிதாகப் பொருத்துங்கள். தரையில் வைக்கும் மோட்டர் 20 அடிக்கு மேல் தண்ணீரை இழுக்கச் சிரமப்படும். அதற்கு மேல் என்றால் மூழ்கு மோட்டர்தான்.

தொட்டிக் கழிவுநீர்க் குழியும் மலசலகூடக் குழியும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. மணலில் குறைந்தது 100 அடி. கூரைத் தண்ணீரை மணல் வடிகுழி வழியே நிலத்துக்குள் விட்டால் அடுத்த கோடைக்கு உதவும்.

கடைக்கு வரும்போது கிணற்று விட்டம், கோடை மட்டம், அரை மணி நேர ஏற்றம், தொட்டிகளின் கொள்ளளவு, சாடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீரும் கொண்டுவந்தால் பிஎச், மின்கடத்துதிறன், இரும்பு மூன்றையும் இங்கேயே பார்த்துச் சொல்வோம்.

இப்படிக்கு,
நீர்ப்பம்பி மற்றும் கிணற்றுப் பொருட்கள் கடையினர்,
மட்டக்களப்பு