திருத்தமும் முதல் பக்கத்துக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் மீதான புகார்களைத் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட்டு வருவதால் இதை எழுதுகிறேன். 1987 மே மாதத்தில் கேரி ஹார்ட்டுக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருப்பதாக மயாமி ஹெரால்டு நாளிதழ் எழுதியதும், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் முன்னணியில் இருந்த அவர் ஒரு வாரத்துக்குள் போட்டியிலிருந்து விலகினார். அதே வகைக் குற்றச்சாட்டுக்கு உள்ளான பில் கிளிண்டனோ, மனைவியுடன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலளித்து, 1992 தேர்தலில் வென்றார்.

என்னை மிகவும் வருத்துவது 2016இல் நடந்ததுதான். வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள்களே இருந்த நிலையில், அதிபர் வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் அமைச்சராக இருந்தபோது அரசுப் பணிக்குத் தனியார் மின்னஞ்சலைப் பயன்படுத்திய விவகாரத்தில் புதிய மின்னஞ்சல்கள் கிடைத்திருப்பதாக, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அவர்மீது வழக்குத் தொடரத் தேவையில்லை என்ற பழைய முடிவில் மாற்றமில்லை என்று நவம்பர் 6 அன்று கோமியே அறிவித்தபோது, முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியைப் பயன்படுத்திப் பலர் வாக்களித்து முடித்திருந்தனர். அந்த வாக்குகளை யாரால் திரும்பப் பெற முடியும்?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பெரியப்பா தினமும் தலைப்புச் செய்திகளை உரக்க வாசிப்பார். தெருவில் போகிறவர்களும் நின்று கேட்பார்கள். உள்பக்கத்தின் அடியில் நான்கு வரியில் வரும் திருத்தத்தை அவர் வாசித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. எந்த நாட்டு வேட்பாளராயினும், புகார் வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பையும் திருத்தத்தையும் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.