செயலாளர் ஆண்டறிக்கை, 2025

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் லாஸ் வேகஸ் தமிழ் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைக் கலைநிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கலன்று மண்டபத்தில் தீ அலாரம் அடித்ததற்குச் சமையல் குழுவைத் திட்ட வேண்டாம். சாம்பிராணி போட்டது நான்தான்.

இந்த ஆண்டு புதிதாகச் செய்தது, நாட்டின் அணுக்கழிவைப் புதைக்க நம் நெவாடாவில் குறித்துவைத்த யூக்கா மலை பற்றிய மாதக் கூட்டங்கள். அதைத் தொடங்கி வைத்தது ஜூன் மாதத் தீர்ப்பு. டெக்சஸின் ஆண்ட்ரூஸ் கவுண்டியில் அணுக்கழிவுக்குத் தற்காலிகக் கிடங்கு அமைக்க, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அதை எதிர்த்து அந்த மாநிலம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று தோற்றது. கிடங்கு வரலாமா கூடாதா என்பதற்குள் நீதிபதிகள் போகவே இல்லை. உரிம விசாரணையில் நீங்கள் ஒரு தரப்பாகவே இல்லை, அப்புறம் எப்படி வழக்குப் போடுவீர்கள் என்று முடித்துவிட்டார்கள். “அப்போ நம்ம நெவாடா மட்டும் எப்படி இத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சுது?” என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்த ஒரு கேள்வி நான்கு கூட்டங்களுக்கு ஓடியது.

கழிவை நிரந்தரமாகப் புதைக்க முதலில் மூன்று இடங்கள் கணக்கில் இருந்தன: டெக்சஸில் டெஃப் ஸ்மித் கவுண்டி, வாஷிங்டன் மாநிலத்தில் ஹான்ஃபோர்டு, இங்கே யூக்கா. 1987இல் நாடாளுமன்றம் மற்ற இரண்டையும் அடித்துவிட்டு யூக்காவை மட்டும் ஆராயச் சொன்னது. அப்போது அவைத் தலைவர் டெக்சஸ்காரர், பெரும்பான்மைக் கட்சித் தலைவர் வாஷிங்டன்காரர். நமக்குக் கீழவையில் இருந்ததே இரண்டு பேர். அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லாத மாநிலத்தின் தலையில் 70,000 டன் கழிவு வந்து விழுந்தது இப்படித்தான்.

2002 ஏப்ரலில் ஆளுநர் கென்னி க்வின் சட்டம் கொடுத்த உரிமையின்படி ‘முடியாது’ என்று எழுதிக் கொடுத்தார். கீழவையில் 306-117, மேலவையில் 60-39 என்ற வாக்குகளில் அது ஜூலைக்குள் காற்றில் போனது.

எனக்குப் பிடித்தது தண்ணீர் கதை. பாலைவனத்தில் மலையைக் குடைய நீர் வேண்டும். நீர் உரிமையோ மாநிலத்தின் கையில். எரிசக்தித் துறை நிரந்தர உரிமை கேட்டதை, பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று 2000இல் மாநிலப் பொறியாளர் மறுத்தார். 2007இல் துளை போடும் வேலைக்கு மாநில நீரை எடுக்காதே என்று தடுத்தார்கள். மத்திய அரசு நீதிமன்றம் ஓடியும் தடையை நீக்க முடியவில்லை. பெரிய பெரிய சட்ட வாதங்களைவிட இந்தக் குழாய் அதிகம் உழைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. அதே 2007இல் நம் மாநில உறுப்பினர் ஹாரி ரீட் மேலவைப் பெரும்பான்மைத் தலைவர் ஆனார், அப்புறம் ஒபாமா ஆட்சி வந்தது, பணம் நின்றது. உரிம விசாரணை 2011இல் நிறுத்திவைக்கப்பட்டதே தவிர, மூடப்படவில்லை. கோப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நவம்பரில் 95ஆம் நெடுஞ்சாலை வழியே அமர்கோசா பள்ளத்தாக்கு வரை வேனில் போனோம். மலைக்குள் நம்மை விட மாட்டார்கள். தூரத்தில், தூங்குகிற எருமை முதுகு மாதிரி நீளமான பழுப்பு மேடு. “இதுவா?” என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம். மகள் வீட்டுக்கு வள்ளியூரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர் மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க பக்கம் கூடங்குளத்துலயும் இதே பேச்சுதான். ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்புங்கன்னு ஸ்டாலின் கடிதம் போட்டாரே” என்றார். அது 2022 பிப்ரவரியில். கொஞ்ச நேரம் கழித்து, “இந்த மலை யாருது?” என்று கேட்டார். மேற்கு ஷோஷோனி மக்கள், 1863 ரூபி பள்ளத்தாக்கு ஒப்பந்தத்தைக் காட்டித் தங்களுடையது என்கிறார்கள் என்று சொன்னேன். வேனில் திரும்பும்போது சண்டை வேறு: மலை இருக்கிற நை கவுண்டியின் நிர்வாகமே திட்டத்துக்குச் சாதகமாகப் பேசி வந்திருக்கிறதே, வேலைவாய்ப்பு வேண்டாமா என்று ஒருவர் கேட்க, பாரம்ப் ஊர் வரும்வரை யாரும் பாட்டுப் போட விடவில்லை.

மாநிலத்தின் எதிர்ப்பை ஆதரித்து நாமும் ஒரு தீர்மானம் போடலாமா என்பதில் செயற்குழு சரிபாதியாகப் பிரிந்தது. போடலாம் என்பது என் கட்சி. முடிவைப் பொதுக்குழுவிடம் விடுகிறோம். தேநீர் இடைவேளைக்குப் பிறகு கை தூக்கச் சொல்வோம், முன்வாசலில் நிற்பவர்கள் தயவுசெய்து உள்ளே வந்துவிடுங்கள்.

இந்த அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்