கடன் குழுவின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கடன் குழுப் பொறுப்பிலிருந்து விடைபெறுகிறோம். கொடுத்த பணம் திரும்பி வந்து அடுத்தவர் கைக்குப் போனதற்குக் காரணமானவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி மகளிர் குழுக் கணக்காளர்களுக்கு. 10,000 ரூபாய்க் கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, பத்துத் தவணை. முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போட்டால் 1,000 ரூபாய். குறைந்துவரும் அசலுக்குப் போட்டால் 550. அந்த 450 ரூபாயை உறுப்பினர் வீட்டிலேயே நிற்க வைத்தது உங்கள் பேனா. வாங்கிய தவணையை ரொக்கப் புத்தகம், தனிநபர் பேரேடு, உறுப்பினர் பாஸ்புக் மூன்றிலும் அதே கூட்டத்தில் ஏற்றினீர்கள். பாஸ்புக்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் இடத்தில்தான் சண்டை முளைக்கிறது.

தணிக்கையாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் கடனாக வெளியே நிற்கிறது. மூன்று பேர் தலா 2,000 ரூபாய்த் தவணை தவறி முப்பது நாள் தாண்டிவிட்டது என்று வையுங்கள். பாக்கி 6,000தானே, 1.2 சதவீதம் என்று தோன்றும். அந்த மூவரிடமும் மீதி அசல் தலா 20,000 இருந்தால் ஆபத்தில் இருப்பது 60,000, அதாவது 12 சதவீதம். மாதாமாதம் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் கேட்டார். பழைய கடனை அடைக்கக் கொடுத்த புதுக் கடனைத் தனிப் பத்தியில் காட்டச் சொன்னார். இல்லையேல் நிலுவையே இல்லாததுபோல் கணக்கு பளிச்சென்று இருக்கும். பயிற்சிக்கு வந்த மானியத்தைக் கடன் நிதியோடு கலக்கவும் விடவில்லை.

வங்கிக் கிளை மேலாளருக்கும் நன்றி. குழுக் கடன் 20 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை எழுத்துப் பிசகாமல் நடத்தினார். 1992இல் நபார்டு என்னும் தேசிய ஊரக வளர்ச்சி வங்கி 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கிய, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டம், இத்தகைய மேலாளர்களால்தான் ஊர் ஊராய் வேர்விட்டது.

ஆடு வளர்க்கும் உறுப்பினர்களே, தவணை அட்டவணையைத் திருத்தியது நீங்கள். ஆட்டுக் கடனுக்கு அடுத்த மாதமே அசல் கேட்டால் அந்த ஆட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும். சினை ஐந்து மாதம், குட்டி விலைக்குத் தேற இன்னும் சில மாதம். அதுவரை வட்டி மட்டும் என்று மாற்றினோம். பூ விற்பவர்கள் வாரத் தவணை கேட்டார்கள், அதுவும் சரியே: தினம் புரளும் காசு மாதக் கடைசி வரை கையில் தங்காது.

கடன் கேட்டு, தங்கள் முறை வரும்வரை பொறுத்த பெண்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நிதி குறைவாக இருந்த மாதங்களில் மருத்துவச் செலவுக்கு வழிவிட்டுத் தையல் மெஷின் கடனைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டீர்கள்.

காசோலைக் கையொப்பம் மாற்றும் தீர்மானம் வங்கிக்குப் போய்விட்டது. நிலுவைப் பட்டியலும் பேரேடுகளும் புதிய குழுவிடம் இருக்கின்றன. ஏதாவது பதிவு புரியவில்லை என்றால் கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து பார்க்கிறோம்.

நன்றியுடன்,
கடன் குழுவினர்