தூணின் அடியையும் கணக்கில் கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஃகுக் கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உத்தரமும் தூணும் சேரும் இடத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். தூண் கான்கிரீட்டின் மேல் வந்து அமரும் அடியிணைப்பு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. வடிவமைப்பிலும் அதே நிலைதான். தூணின் அடி கீல் (தடையின்றிச் சுழலக்கூடியது) என்றோ, முற்றிலும் இறுகியது (சற்றும் சுழலாதது) என்றோ கணினியில் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். உண்மையான அடி இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

இது சிறிய பிழை அன்று. மேலே மிக விறைப்பான உத்தரம் உள்ள, குறுக்குப் பிணைப்பில்லாத சட்டகத்தில், அடி இறுகியது என்று கணக்கிட்ட பக்கவாட்டு அசைவு, அது கீலாக நடந்துகொண்டால் நான்கு மடங்காகிவிடும்.

வலிமை (உடையாமல் தாங்கும் திறன்) இருந்தால் விறைப்பும் (உருமாறாமல் எதிர்க்கும் திறன்) இருக்கும் என்ற எண்ணமே இதற்கு வேர் என்பது என் கருத்து. தூணின் அடியில் பொருத்தும் எஃகு அடித்தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால், அதன் வளைவு வலிமை நான்கில் ஒரு பங்காகும். விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே உடையாமல் தாங்கும் தகடு, சுழலாமலும் தாங்கும் என்று கொள்ள இயலாது. தகடு வளைவதோடு அதைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் நீள்வதும், தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் நிரப்பும் கிரவுட் என்ற சாந்தும் கான்கிரீட்டும் அமுங்குவதும், அடித்தளத்தின் கீழ் மண் இணங்குவதும் சேர்ந்தே மொத்தச் சுழற்சியைத் தீர்மானிக்கின்றன. போதாக்குறைக்கு, தூணின் மீதுள்ள சுமையும் இதை மாற்றும்: சுமை மிகுந்திருக்கும்போது தகடு கான்கிரீட்டோடு ஒட்டியே நிற்கும், காற்று கூரையைத் தூக்கும் வேளையில் அதே அடி ஒரு பக்கம் விலகி, போல்ட்டுகளை மட்டும் நம்பி நிற்கும்.

2005-இல் வெளியான ஐரோப்பியத் தரநெறி இஎன் 1993-1-8, இவற்றுள் தகடு, போல்ட், கான்கிரீட் ஆகிய கூறுகளைத் தனித்தனி சுருள்வில்களாகக் கருதி, அவற்றின் விறைப்புகளின் தலைகீழ் மதிப்புகளைக் கூட்டி அடியின் விறைப்பைக் கணக்கிடும் முறையைத் தருகிறது. அதன்படி, பக்கவாட்டு அசைவுக்கு இடமுள்ள சட்டகத்தில் அடியை இறுகியது என்று சொல்ல, அதன் சுழற்சி விறைப்பு, தூணின் வளைவு விறைப்பை நீளத்தால் வகுத்து வருவதைப் போல் 30 மடங்காவது இருக்க வேண்டும். நான்கு போல்ட்டும் மெல்லிய தகடும் உள்ள வழக்கமான அடி அவ்வளவு எட்டுவது அரிது. 1995-ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்தில் பல எஃகுக் கட்டடங்களின் தூண் அடிகளே சேதமடைந்தன என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆகவே வரைபடத்தில் அடியின் வலிமையோடு, கணக்கில் எடுத்துக்கொண்ட சுழற்சி விறைப்பையும் எண்ணாக எழுத வேண்டும். அப்போதுதான் கட்டுபவர், கிரவுட் நிரப்பும் வேலையைப் பூச்சு வேலையாகக் கருதிக் கடைசி நாளுக்குத் தள்ளாமல், அடியில் வெற்றிடம் விடாமல் செய்வார்.

இப்படிக்கு,
ஒரு கட்டமைப்புப் பொறியாளர்